மொட்டை மாடி வானத்தை நம்பாதீங்க!

குட்டீஸ், பூநாரை பார்க்கப் போன கதையைச் சொல்லட்டுமா? ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் பூநாரையே வராது!

எங்கள் வீடு வடசென்னையில், காலடிப்பேட்டையில் இருக்கிறது. (காலடிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் இது. காலெட் பேட்டை நம் வாயில் புகுந்து புறப்பட்டு காலடிப்பேட்டை ஆகிவிட்டது!) சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, அக்கா பிள்ளைகளையும் அவர்களின் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு பழவேற்காடு ஏரிக்குப் பறவை பார்க்கப் போவதாகத் திட்டம். வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அக்கா ராத்திரியே புளிசாதம் கிளறி வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் பைனாகுலர் கடன் வாங்கியாயிற்று.

விடியற்காலை நாலரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி வானம். நட்சத்திரங்கள் மின்னின. "ஒரு பொட்டு மேகம் இல்லை. கிளம்புங்க!" என்று மேலிருந்தே குரல் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்த சோதனை.

எர்ணாவூர், மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி என்று பாட்டும் கும்மாளமுமாகப் போனோம். பொன்னேரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், எதிரே போன வண்டிகள் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன. இறங்கிப் பார்த்தால், சாலையைக் காணோம்! காபி நிறத்தில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "ராத்திரி ஆத்துல தண்ணி வந்துடுச்சு சார். இங்க மழையே இல்ல. மேல பெஞ்சிருக்கு" என்றார்.

வேன் டிரைவர், "முழங்கால் அளவுதான் இருக்கும். மெதுவா விட்டா போயிடலாம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன்... எனக்கும் பாதி மனசு போகலாம் என்றுதான் சொன்னது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே! அப்போது பத்து வயதுக் குட்டிப்பெண் கேட்டாள்: "மாமா, தண்ணிக்கு அடியில ரோடு இருக்கான்னு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டிரைவருக்கும் தெரியவில்லை. வண்டியைத் திருப்பினோம். காலடிப்பேட்டைக்கே வந்து, அதே மொட்டை மாடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். பூநாரை பார்க்கப் போனவர்கள் எருமை பார்த்துவிட்டு வந்தோம் என்று தெருவே சிரித்தது.

நான் எங்கே தப்பு செய்தேன் தெரியுமா? காலடிப்பேட்டைக்கு மேலே இருக்கும் வானம், காலடிப்பேட்டையின் வானம் மட்டும்தான். நாங்கள் போக வேண்டிய சாலையின் கதி வேறு இடத்தில் முடிவாகியிருந்தது. ஆரணியாறு ஆந்திர மாநிலத்து மலைப்பக்கத்தில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, தமிழ்நாட்டுக்குள் வந்து, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அங்கே கனமழை பெய்து அணையைத் திறந்துவிட்டால், நமக்கு வெயில் அடிக்கும்போதே பொன்னேரிப் பக்கம் வெள்ளம் வரும். தண்ணீருக்குக் கால் இல்லை என்றாலும் நடந்து வர நேரம் எடுத்துக்கொள்கிறது. நேற்றைய மழை இன்றைய வெள்ளம்.

நம்ம கொசஸ்தலையாறும் அப்படித்தான். பூண்டி ஏரியில் உபரிநீர் திறந்தால், அது எண்ணூர் கழிமுகம் வரை வந்துதான் கடலில் சேரும். 2021 நவம்பரில் பூண்டியில் திறந்த தண்ணீர் மணலி புதுநகரில் வீடுகளுக்குள் புகுந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். எனவே 'பூண்டியில் நீர் திறப்பு', 'பிச்சாட்டூர் அணையில் நீர் திறப்பு' என்று செய்தி வந்தால், அது ஏதோ விவசாயச் செய்தி என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். நமக்கு அது சாலைச் செய்தி!

ஐரோப்பா, அமெரிக்காவில் குளிர்காலத்தில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள், சாலையில் பனி உறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். நமக்குப் பனிக்கட்டி கிடையாது. ஆனால் நம் ஊரில் ஒரு விசித்திரம் உண்டு. வலசைப் பறவைகள் வந்து இறங்கும் மாதங்களும், வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் மாதங்களும் ஒன்றுதான். அக்டோபரில் இரண்டும் சேர்ந்தே தொடங்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையிலேயே கரையைக் கடந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில்தான். ஆனால் மூழ்கியது சென்னை! அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் கழிமுகத்தில் பரவி, கூழைக்கடாக்களின் வெள்ளை இறகெல்லாம் கறுப்பானது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எல்லாமே பறவை பார்க்கிற சீசனில்தான் வந்தன, கவனித்தீர்களா?

அதனால் என் கருத்து இதுதான்: வீட்டில் பறவைப் பயணம் போட்டால், வானிலையும் சாலையும் பார்க்கிற பொறுப்பைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் இருக்கும் எட்டு வயது முதல் பதினான்கு வயது வரையிலான ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் சிரிக்கலாம். உங்கள் அப்பா இன்னும் பலமாகச் சிரிக்கலாம். காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

பெரியவர்களாகிய எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. அட்வான்ஸ் கொடுத்தாச்சு, புளிசாதம் கட்டியாச்சு, பாதி தூரம் வந்தாச்சு... இந்த மூன்று 'ஆச்சு'க்களும் சேர்ந்துவிட்டால் எங்களுக்குக் கண் தெரியாது! ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரிய ஆளின் காலை வாரிவிடும். 30 சென்டிமீட்டர், அதாவது உங்கள் ஸ்கேல் உயரம் இருந்தால், சின்னக் காரை மிதக்கவைத்து இழுத்துக்கொண்டு போகும். இது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் 'மெதுவா விட்டா போயிடலாம்' என்போம். உங்களுக்கு அந்த வியாதி இன்னும் தொற்றவில்லை. ரோடு இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது யாருக்கு? வேனில் இருந்ததிலேயே சின்னவளுக்குத்தானே!

இன்னொன்று, வடசென்னைப் பிள்ளைகளுக்கு இந்த வேலை வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளையும் விடப் பொருத்தமானது. புயல் வருகிறதென்றால் 'சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தி வருமே... மூன்று துறைமுகமும் நம் பக்கத்தில்தானே இருக்கின்றன! கூண்டு என்றதும் கிளிக்கூண்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கூம்பு, உருளை போன்ற வடிவங்களைக் கம்பத்தில் உயரே தொங்கவிடுவார்கள். இரவு என்றால் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கடலில் இருக்கும் கப்பலுக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

1-ம் எண் என்றால், எங்கோ தூரத்துக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. 2 என்றால், தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. 3, 4 என்றால் மோசமான வானிலை இந்தத் துறைமுகத்தையே தாக்கலாம். 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. 11 என்ன தெரியுமா? வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்! 1-ம் எண் ஏறியதுமே பைனாகுலரைப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் செய்தி கேட்க வேண்டும். 3 ஏறிவிட்டால் பயணம் கிடையாது. எங்கள் வீட்டுச் சட்டம் இது. காசிமேட்டில் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாமல் வரிசையாகக் கட்டிக் கிடந்தால், அதுவும் ஒரு செய்திதான். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற நாளில், கடலோர ஏரிக்கு நாம் மட்டும் என்ன செல்வது?

இன்னொரு புதையலும் நம் பக்கம் இருக்கிறது. ராயபுரத்துக்குத் தெற்கே, சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட மொட்டை மாடியில் பெரிய வெள்ளைப் பந்து மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருப்பது வானிலை ஆய்வு மையத்தின் டாப்ளர் ரேடார். 2002-ல் வைத்தார்கள். அது ரேடியோ அலைகளை அனுப்பும். அவை மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வருவதைக் கொண்டு மழைமேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று படம் வரைந்து கொடுத்துவிடும். பள்ளிக்கரணையிலும் 2022-ல் ஒரு ரேடார் வந்துவிட்டது. இந்தப் படங்களை வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்பாவின் போனைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் (கேம் விளையாடக் கேட்பதைவிட இதற்குச் சீக்கிரம் கிடைக்கும்!). ஆக, நம்ம வீட்டு மொட்டை மாடியை நம்பாதே. துறைமுகத்து மொட்டை மாடியை நம்பு!

"போங்க மாமா! வானிலை அறிக்கை எப்போ சரியா சொல்லியிருக்கு?" என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்விதான். 2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் மக்கள். அன்று பயந்த அளவு மழை பெய்யவில்லை. ஊரே கேலி செய்தது. இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று யாரும் எதிர்பார்க்காத மழை, மதியத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, சென்னையின் சில இடங்களில் 20 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியது. ஆபீசுக்குப் போனவர்கள் நள்ளிரவு வரை வீடு திரும்ப முடியவில்லை. வெள்ளத்தில் மின்சாரம் பாய்ந்து உயிர்ப்பலியும் நேர்ந்தது.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்போ பார்த்து என்ன பிரயோஜனம்' என்று நினைப்பவர்கள் ஒரு வகை. ஒரு முறை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது கட்சி. இரண்டு நாள் முன்னால் சொல்வது கணிப்பு. அது தவறலாம். கிளம்புகிற காலையில் ரேடாரில் தெரிவது கணிப்பு அல்ல. அந்த நேரத்தில் வானத்தில் இருக்கும் மழை. முதலாவதைக் கொண்டு திட்டம் போடலாம். இரண்டாவதைக் கொண்டுதான் செருப்பை மாட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலையே வேலையைத் தொடங்கிவிடுங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறார்கள்? பச்சை என்றால் பிரச்சினை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பேச்சே வேண்டாம். சென்னையின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பழவேற்காடு இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். அப்படியே பக்கத்து ஆந்திர மாவட்டங்களையும் ஒரு பார்வை பாருங்கள், ஆறு அங்கிருந்துதானே வருகிறது!

சாலையைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி, பஸ். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ் ஓடுகிறதா என்று அந்தப் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது கேட்டால் போதும். தினமும் அதே சாலையில் போய்வரும் டிரைவர்களுக்கு எங்கே பள்ளம், எங்கே தண்ணீர் என்று அத்துப்படி. பஸ் நின்றுவிட்டது என்றால் நம் வேனும் நிற்க வேண்டியதுதான். அந்தப் பக்கம் சொந்தக்காரர், தெரிந்தவர் யாரும் இல்லையா? 1077-ஐ அழைத்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. பெரியவர்களை விட்டுப் பேசச் சொல்லுங்கள். காட்டுப்பள்ளி வழியாகக் கடலோரமாகவே போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், 'கடல் சீற்றம் இருக்கிறதா?' என்று கேளுங்கள். கடல் பொங்குகிற நாட்களில் அந்தச் சாலையில் அலை ஏறி மணல் மூடிக்கொள்ளும். எனக்கு ரயில்தான் பிடிக்கும். திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால், எண்ணூரில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளாமல் பொன்னேரியில் இறங்கிக்கொள்ளலாம்.

பொங்கல் லீவில் போவதாக இருந்தால் போகி அன்று மட்டும் வேண்டாம். மார்கழிப் பனியும் பழைய பாய், டயர் கொளுத்திய புகையும் கலந்துவிட்டால், எதிரே வரும் லாரியே தெரியாது. 2018 போகியன்று சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குப் போயின. விமானமே இறங்க முடியாத புகையில் பறவை எங்கே தெரியப்போகிறது?

படகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்கள் மீன்பிடிப் படகில் ஏறிப் போனார்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரப் பகுதியில் படகு கவிழ்ந்தது. பெரியவர்களும் குழந்தைகளுமாக 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். ஏரி பார்ப்பதற்கு அசைவே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். முகத்துவாரத்தில் இழுப்பு வேறு விதமாக இருக்கும். யாராவது வந்து 'வாங்க, பக்கத்துல போய்ப் பறவை காட்டுறேன்' என்று கூப்பிட்டால், 'வேண்டாம்' என்று முதலில் சொல்ல வேண்டியது வானிலைப் பொறுப்பில் இருக்கும் நீங்கள்தான். கரையிலிருந்தே பைனாகுலரில் நன்றாகத் தெரியும்.

சரி, பயணத்தைத் தள்ளிப்போட்டால் பறவை போய்விடாதா? இந்தக் கவலைதான் எல்லோரையும் அவசரப்படுத்துகிறது. போகாது! சொல்லப்போனால், தள்ளிப்போட்டால்தான் நன்றாகவே பார்க்கலாம். பூநாரை எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நீளக் காலால் தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகை வடிகட்டி மாதிரி வைத்துச் சேற்றுத் தண்ணீரை அலசும். சின்ன இறால் போன்ற உயிர்களும் பாசியும் அலகில் தங்கும். தண்ணீர் வெளியே போய்விடும். இதற்கு ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். பெருமழை பெய்த கையோடு ஏரி ததும்பி நிற்கும்போது, இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியில் அவை எங்கே சிதறி நிற்கும் என்று தேடுவீர்கள்? தை பிறந்து தண்ணீர் வடிய வடியத்தான் சேற்றுத்திட்டுகள் வெளியே வரும். பூநாரைக் கூட்டம், ஊசிவால் வாத்து, சேற்றில் குடுகுடுவென்று ஓடும் உள்ளான் எல்லாம் ஒன்றாகக் கண்ணில் படும்.

எங்கள் கும்பலும் அப்படித்தான் பார்த்தது. எருமை பார்த்துத் திரும்பிய அந்த வருடமே, பொங்கல் முடிந்த பிறகு மறுபடி கிளம்பினோம். இந்த முறை ரயிலில், பிறகு பஸ்ஸில். வானிலை, சாலை இரண்டையும் பார்த்துச் சொன்னது அந்தக் குட்டிப்பெண்தான். ஏரியின் நடுவே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. உப்பு என்று நினைத்தோம். திடீரென்று அந்தக் கோடு எழுந்து பறந்தது. இறக்கையை விரித்ததும் உள்ளே ரோஜா நிறமும் கறுப்பும்! ஐந்து நிமிஷத்துக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் பயணம் ரத்தானால் அழ வேண்டாம். மழை இல்லாமல், சாலை மட்டும் மோசமாக இருக்கிற நாளில், ஒரு பெரியவர் துணையோடு காசிமேடு பக்கம் போய்ப் பாருங்கள். பழுப்புத்தலைக் கடற்காகங்கள் மீனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அவை கோடையில் முட்டையிடுவது திபெத் போன்ற உயரமான பீடபூமி ஏரிகளில்! அவ்வளவு தூரத்திலிருந்து நம் பேட்டைக்கு வந்திருக்கும் விருந்தாளிகளைப் பார்க்க, வேன் அட்வான்ஸ் எதுவும் வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு 'வானிலை அதிகாரி' அறிக்கை வாசிப்பார். அவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் அக்கா புளியையே ஊறவைப்பாள். போன மாதம் இரண்டு முறை 'வேண்டாம்' என்று அறிக்கை வந்தது. அதில் ஒரு ஞாயிறு நல்ல வெயில் அடித்தது. நான் லேசாக முறைத்தேன்.

"முறைக்காதீங்க மாமா, பஸ் ஓடலயாம். கேட்டுட்டேன்" என்றார் அதிகாரி.